பளிங்காடி அடுப்பும் அதனைப் பேணுமாறும்

அடுதல் என்னும் சொல்லுக்குச் சமைத்தல் என்பது ஒரு பொருள். கொல்லுதல் என்பது மற்றொரு பொருள். அடுப்பு, அடிசில், அட்டில், அடுக்களை என்பனவெல்லாம் முன்னைய பொருளின் வழிப் பிறந்தவை. மூன்று கல்லை நட்டு நடுவே விறகைச் செருகிய காலந்தொட்டு மண்ணடுப்பு, குமுட்டியடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, வாயு அடுப்பு என எத்துணையோ வடிவம் மாறிவந்துள்ளது. எனினும் அடுப்பென்றால் நெருப்பும் அதனைத் தாங்கும் ஒரு வாயும் நம் மனக்கண்முன் தோன்றுவது மாறவில்லை. வாயுமின்றிச் சுடருமின்றிப் பலகைபோற் கிடக்கும் ஒரு கரிய வழுவழுப்பான தட்டின்மேல் உலை கொதிக்கும் என்றால் நம் பாட்டிமார் எளிதில் நம்பார்.

மேனாட்டு வாடகை வீடுகள் பலவற்றில் இன்று இருப்பது அத்தகைய மின்சார அடுப்பே. நம் கல்லூரியினின்று மேற்படிப்புக்கும் அலுவலுக்குமாக அமெரிக்கா, கனடா, ஜெர்மனி முதலிய நாடுகட்குச் செல்வோர் ஆண்டுதோறும் உளர். இம்மலரைக் கடல்கடந்தும் படிக்கும் பழைய மாணவரும் பலர். அவர்கள் புதுமனை புகுந்த முதல் மாலையிலேயே இத்தட்டின்மேல் அரிசி வைத்தாக வேண்டும். வீட்டை விட்டு நீங்கும் நாளிலோ, தட்டிற் குழியும் கீறலும் காணப்படின் கொடுத்து வைத்த முன்பணத்தில் ஒரு பகுதியை இழத்தல் வேண்டும். ஆதலின் இதன் இயல்பை ஆராய்தல் வெறும் பொழுதுபோக்கன்று. தமிழ் பயில்வார்க்கு அடுப்பாராய்ச்சி எற்றுக்கு என்று நகைப்பார் நகைக்க. சமைத்துண்ணாது தமிழ் பயில்வார் ஒருவரையும் யாம் கண்டிலேம்.

பெயரால் வரும் மயக்கம் ஒன்றை முதற்கண் நீக்குதல் வேண்டும். நம்மூர்க் கடைகளிற் ‘கிளாஸ் டாப்’ என்று விற்கும் வாயு அடுப்புக்களின் மேற்றளம் வேறு. யாம் ஈண்டுக் கூறும் தட்டு வேறு. முன்னது, உறுதியூட்டப்பெற்ற சாதாரணக் கண்ணாடி. சூடாக்கி மேற்புறத்தை விரைந்து குளிர்வித்தலால் அதற்கு வலிமை உண்டாகின்றது. அதன்மேல் நெருப்பு நேரே படுவதில்லை. எரிவாய்கள் அதனைத் துளைத்து மேலே நிற்கின்றன. அளவிறந்த சூடோ ஆழ்ந்த அடியோ பட்டால் அது சிறுசிறு துண்டுகளாகப் பொடிந்துவிடும். பின்னதோ, தன் ஊடாகவே வெப்பத்தைச் செலுத்துவது. கண்ணாடியினின்று பிறந்தும் கண்ணாடியாக எஞ்சாதது.

அஃது எவ்வாறு? கண்ணாடியை ஒரு முறைப்படி மீண்டும் சூடாக்கினால் அதனுள் எண்ணிறந்த நுண்பளிங்குகள் முளைக்கின்றன. பளிங்கு என்பது அணுக்கள் ஒழுங்குற அடுக்கப்பெற்ற பொருள். கண்ணாடியில் அவ்வொழுங்கு இல்லை. ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஓருடலில் விரவி நிற்றலின் இப்பொருளைப் ‘பளிங்காடி’ என்று வழங்கலாம் என்பது எம் கருத்து. ‘கண்ணாடிப் பீங்கான்’ என்பாரும் உளர். பீங்கானின் ஒளிபுகாமை இதற்கு இன்மையின் அப்பெயர் எமக்கு உவப்பன்று. மணிமேகலையில் ‘பளிக்கறை புக்க காதை’ என்று ஒரு காதை உண்டு. உவவனத்துப் பளிக்கறையினுள் மணிமேகலை மறைந்திருக்க, உதயகுமரன் வெளியே நின்று அவள் உருவைக் காண்கின்றான். உட்புக அறியாது திகைக்கின்றான். உருவத்தைக் காட்டி உடலைத் தடுத்தது அப்பளிக்கறை. இந்தத் தட்டு வெப்பக் கதிரை விடுத்து மற்றவற்றைத் தடுக்கின்றது.

இப்பொருள் கண்டறியப்பட்ட வரலாறு சுவையுடையது. அமெரிக்க நாட்டுக் கார்னிங் என்னும் கண்ணாடித் தொழிற்கழகத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்னும் இரசாயன அறிஞர் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1953-ஆம் ஆண்டில் அவர் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்திற் சூடாக்கும்பொருட்டு உலையில் வைத்தார். உலையின் கட்டுப்பாடு பழுதுற்று வெப்பம் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி உலை பாழாயிற்று என்றே அவர் கருதினார். திறந்து நோக்கினால் துண்டு உருகவில்லை. வடிவு கெடாமல் வெண்ணிறம் பெற்று நின்றது. இடுக்கியால் எடுக்குங்கால் அது நழுவித் தரையில் வீழ்ந்தது. வீழ்ந்தது உடையாமல் உலோகம்போல் ஒலித்தது. இந்நிகழ்ச்சியினின்று 1958-ஆம் ஆண்டில் ‘கார்னிங்வேர்’ என்னும் சமையற் பாத்திரங்கள் தோன்றின. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஷாட் நிறுவனத்தார் 1971-ஆம் ஆண்டில் ‘ஸெரான்’ என்னும் பெயரால் அடுப்புத் தட்டை வெளியிட்டனர். அந்நிறுவனத்தாரே அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், வானாராய்ச்சித் தொலைநோக்கிகளின் ஆடிகட்கென ‘ஸெரோடூர்’ என்னும் இனப்பொருளைச் செய்திருந்தனர். சிலி நாட்டுப் பரானல் மலைமீதுள்ள நான்கு பெருந்தொலைநோக்கிகளின் 8.2 மீட்டர் அகலமுள்ள ஆடிகள் அப்பொருளால் ஆயவை. விண்மீனை நோக்கும் ஆடியும் பருப்பு வேகும் தட்டும் ஒரு குலத்தன என்பது வியப்பன்றோ!

குலம் ஒன்றாதற்குக் காரணம் யாது? சூட்டால் விரியாமையே. சாதாரணக் கண்ணாடிக் கோல் ஒரு மீட்டர் நீளமுள்ளதாயின், 100 டிகிரி சூடேறுமிடத்து ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். சிறிதே என்று தோன்றினும், ஒரு பகுதி நீள மறுபகுதி நீளாது நின்றால் அச்சிறு வேறுபாடே கண்ணாடியைப் பிளந்துவிடும். கொதிக்கும் பாலை ஊற்றிய கண்ணாடிக் குவளை விரிசலுறுவது இதனாலன்றோ? பளிங்காடியிலோ, லிதியம், அலுமினியம், ஸிலிக்கா ஆகியவற்றாலான நுண்பளிங்குகள் சூடேறுங்கால் சிறிது சுருங்கும் இயல்பின. அவற்றைச் சூழ்ந்த கண்ணாடிப் பகுதி விரியும் இயல்பிற்று. சுருக்கமும் விரிவும் ஒன்றையொன்று ஈடுசெய்தலின், அவ்வொரு மீட்டர்க்கோல் தலைமயிரின் பருமன் அளவுகூட நீளாது. இப்பளிங்குகள் மிக நுண்ணியன. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறிட்டால் ஒரு கூற்றின் அளவே இருக்கும். ஆகவேதான் ஒளியை அவை சிதற அடிப்பதில்லை.

தட்டு நான்கு மில்லிமீட்டர் கனமே உடையது. அதன் கீழே இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோக நாடாக்கள் சுருண்டு கிடக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அவை செம்மஞ்சளாகத் தழல்கின்றன. அத்தழலின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிராகத் தட்டை ஊடுருவிப் பாத்திரத்தின் அடியைச் சேர்கின்றது. தட்டும் ஓரளவு சூடேறி, தொடுதலாலும் வெப்பத்தைத் தருகின்றது. ஆனால் பக்கவாட்டில் வெப்பம் எளிதிற் பரவுவதில்லை. ஆகவே ஒரு வட்டம் தழலும்போது ஒரு சாண் தள்ளித் தட்டு கை பொறுக்கும் அளவில் இருத்தல் கூடும். தழல் இடையிடையே அணைந்து மீண்டும் எரிவதைக் கண்டு அடுப்புப் பழுதாயிற்றென்று சிலர் அஞ்சுவர். அது பழுதன்று, தட்டின் சூடு வரம்பு கடவாதபடி காக்கும் கருவி ஒன்று மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்துகின்றது.

காந்தவழி அடுப்பு, அஃதாவது இண்டக்ஷன் அடுப்பு, மேலே இதே தட்டை உடையதாயினும் செயலால் வேறானது. அங்கே தட்டின்கீழ் உள்ள செப்புச் சுருள், பாத்திரத்தின் இரும்படியிலேயே மின்னோட்டத்தை எழுப்பிச் சூடாக்குகின்றது. பாத்திரத்தினின்று மீண்டுவரும் சூடே தட்டிற்கு உரியது. ஆதலின் வழிந்தது அதன்மேல் அத்துணைக் கடுமையாகக் கருகுவதில்லை. பேணும் முறை இரண்டிற்கும் பெரிதும் ஒன்றே.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். எவ்வியல்பு இத்தட்டிற்கு வலிமையோ அதுவே அதற்கு மெலிவுமாகும். தட்டு விரியாது, சுருங்காது. அதன்மேல் ஒட்டிய பொருள் சுருங்கினால் என் செய்வது? சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரியில் உருகித் தட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். அடுப்பு அணைந்ததும் பாகு குளிர்ந்து கல்லாகிப் பெரிதும் சுருங்கும். தட்டோ இருந்தபடியே இருக்கும். பற்றும் விடாது, சுருக்கமும் நில்லாது எனின், இறுதியிற் பாகு தட்டின் மேற்றோலையே சிப்பி சிப்பியாகப் பெயர்த்தெடுத்துக்கொண்டு விலகும். அவ்விடத்தில் உண்டாகும் குழியை எந்தக் குழம்பும் எந்தத் தேய்ப்பும் நிரப்பமாட்டா.

எம் தமக்கையார் கனடாவின் டொரொன்டோ நகரில் வாழ்கின்றார். அந்நாட்டில் தைம்மாதம் கடும்பனிக் காலம். முற்றத்தில் அடுப்பு மூட்டுதல் இயலாது. ஆதலின் பொங்கல் நாளில் தட்டடுப்பின்மேலேயே பானை ஏறிற்று. அரிசி வெந்து வெல்லப்பாகு சேர்ந்தபின், கொதி மிகுவது கண்டு குமிழைத் தணித்தார். வாயு அடுப்பாயிற் சுடர் தாழ்ந்தவுடன் கொதியும் தாழும், தட்டடுப்பில் அவ்வாறன்று. நாடாவும் தட்டும் ஏற்ற சூட்டைச் சில நிமிடம் வைத்திருக்குமாதலின் பொங்கல் தயக்கமின்றி வழிந்தது. நன்னாளில் வழிந்ததை நன்னிமித்தமாகக் கொண்டு அனைவரும் மகிழ்ந்துண்டனர். துப்புரவை மறுநாளைக்கு ஒத்திவைத்தனர். இரவில் தட்டினின்று மெல்லிய ‘டிக்’கென்னும் ஒலி இருமுறை கேட்டதாம். காலையில் கரிய தட்டின்மேல் நகக்கண் அளவினவாக மூன்று குழிகள் இருந்தன. அவ்வீட்டை விட்டு நீங்குங்கால் வீட்டுக்காரர் அம்மூன்று குழிக்காக முன்பணத்திற் பாதியைப் பிடித்துக்கொண்டார். அது முறையா அன்றா என்பதை ஆராய யாம் புகவில்லை. அன்றிரவே, தட்டு சூடாயிருக்கும்போதே, பாகை அகற்றியிருந்தால் குழி விழுந்திராது என்பது மட்டும் உறுதி.

பொங்கி வழிதலை மங்கலமாகக் கொள்ளும் நம்மவர்க்கு இவ்வடுப்பு ஒவ்வாதோ எனின், அற்றன்று. பால் பொங்கியபின் அரிசியிட்டு, அரிசி வெந்தபின் வெல்லம் சேர்ப்பதன்றோ நம் முன்னோர் வழக்கு! பொங்கலோ பொங்கல் என்று ஆர்ப்பரிக்கும் வேளை பால் பொங்கும் வேளையே. பாலிலும் சிறிது சர்க்கரைச் சத்து உண்டாயினும், நீர் மிகுதியாகலின் பாகினைப்போல் அது கொடிதன்று. விரைவில் துடைத்தால் கறையளவில் நின்றுவிடும். வெல்லம் சேர்ந்தபின் வழிதல் எந்நாளும் வழக்கில் இல்லை. அந்நிலையில் கொதி மிகுமாயின் குமிழைத் திருப்புதலோடு அமையாது, பானையையே தட்டினின்று அப்பால் எடுத்து வைத்தல் வேண்டும்.

பாகு வழிந்தவழிச் செய்யத்தக்கது இது. உடனே மின்சாரத்தை நிறுத்துக. கையிற் பருத்த துணியுறை அணிந்து, பிளேடு பொருத்திய சுரண்டியைத் தட்டோடு படிய, ஏறக்குறைய முப்பது பாகை சாய்வில் பிடித்து, பாகைச் சூடான வட்டத்தினின்று குளிர்ந்த இடத்திற்குத் தள்ளுக. எஞ்சியதைத் தட்டு நன்கு ஆறியபின் கழுவுக. பிளாஸ்டிக் கரண்டி உருகி ஒட்டினும், அலுமினியத் தாள் ஒட்டினும் செயல் இதுவே. மற்றெல்லாக் கறைக்கும் முறை நேர்மாறானது: தட்டு முழுதும் ஆறும்வரை தொடலாகாது. தட்டின் ஓரத்திலுள்ள சிவப்பு விளக்கு அணையும்வரை சூடு உண்டென்பது பொருள். தட்டின் கருமை சூட்டை மறைத்தலின், சுடர் கண்டு விலகும் குழந்தைகள் இங்கே ஏமாறுவர். விளக்கு ஒன்றே அவர்க்குக் காவல் என்று எண்ணி இருத்தல் தகாது.

எஃகுப் பிளேடு தட்டைக் கீறாதோ என்பது நியாயமான ஐயம். பொருள்களின் வன்மையை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்திய மோஸ் என்பாரின் அளவையிற் பளிங்காடி ஏறக்குறைய ஆறாம் நிலையது. பிளேடின் எஃகு அதனை ஒத்தது அல்லது சற்றுத் தாழ்ந்தது. ஆகவே படிய வைத்துத் தள்ளினால் வழுக்கிச் செல்லுமேயன்றிக் கீறாது. செங்குத்தாகப் பிடித்து முனையால் உழுதாலும், துருவும் பல்லும் விழுந்த பிளேடைக் கொண்டாலும் தீங்கு நேரும். மணலிலுள்ள ஸிலிக்கா ஏழாம் நிலையது. பச்சை நிறத் தேய்ப்புத் தாளில் ஒட்டியிருக்கும் அலுமினிய ஆக்ஸைடு ஒன்பதாம் நிலையது. இவ்விரண்டும் தட்டைக் கீறும். ஈண்டு நம் வழக்கம் ஒன்று இடையூறாகின்றது. செங்கற்பொடியும் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு வெண்கலப் பாத்திரத்தை மின்னத் துலக்குதல் நம் இல்லத்துப் பெண்டிரின் பெருமை. அவ்வுழைப்பை யாம் இகழேம். வெண்கலத்திற்குத் தகுந்த அப்பொடி பளிங்காடிக்கு நஞ்சு. உமிச் சாம்பலிற் பெரும்பகுதி ஸிலிக்காவே. நார் தீதன்று, நாரோடு வரும் மணலே தீது. ஆப்பச் சோடாவோ இரண்டரை நிலையினதாகலின் கேடின்றித் தேய்க்கும்.

நாள்தோறும் செய்வது எளிது. ஆறிய தட்டை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்தல் போதும். துணி தூயதாதல் வேண்டும்; பாத்திரம் கழுவிய எண்ணெய்த் துணியால் துடைத்தால், எஞ்சிய எண்ணெய் அடுத்த சமையலிற் கருகி மஞ்சட் படலமாகும். கஞ்சி வழிந்து கருகிய வட்டத்திற்கு ஆப்பச் சோடாவைச் சிறிது நீரிற் குழைத்துப் பூசி, அதன்மேல் வெந்நீரில் நனைத்த துணியைக் கால்மணி நேரம் போர்த்துவைத்துப் பின்னர்ச் சுரண்டியால் தள்ளுக. ஊறவைத்தலே பாதி வேலையைச் செய்துவிடும். கடின நீர் உலர்ந்த வெண்டடங்கள் சுண்ணாம்பின் பாற்பட்டவை. வினிகர் என்னும் காடி சில துளி இட்டால் கரைந்துவிடும். வினிகரை வெளுப்புக் காரத்தோடு ஒருபோதும் கலத்தலாகாது. நச்சுவாயுவாகிய குளோரின் எழும். எதனைப் பூசினும் இறுதியில் வெறுநீரால் துடைத்தெடுத்தல் இன்றியமையாதது. எஞ்சிய மருந்து சூடேறித் தட்டிற் கறையாகப் பதியும்.

கீறல் என்று நாம் கருதுவன பல கீறலே அல்ல. அலுமினியப் பாத்திரத்தைத் தட்டின்மேல் இழுத்தால் வெண்சாம்பற் கோடு விழும். அலுமினியம் தட்டினும் மெல்லிய பொருளாகலின், தேய்ந்தது பாத்திரமே. சுவரில் சுண்ணக்கட்டி எழுதியதுபோல அதன் துகள் தட்டில் ஒட்டியிருக்கின்றது. நகத்தை அக்கோட்டின் குறுக்கே ஓட்டிப் பார்க்க. நகம் தடைப்படின் அது கீறல். தடைப்படாதாயின் அது துகள். துகளைத் தட்டிற்கென்றே விற்கும் பால்போன்ற துப்புரவுக் குழம்பால் அகற்றலாம். உண்மைக் கீறலை அகற்றுதல் இயலாது. அகற்றுவதாகக் கூறி விற்கும் பொடிகளை நம்பிப் பணத்தை இழத்தலும் வேண்டா.

பாத்திரத்தைப்பற்றி ஒரு சொல். அடி தட்டையாக இருத்தல் வேண்டும். ஓர் அளவுகோலை அடியின் குறுக்கே வைத்து நோக்கின், இடைவெளி தெரிந்துவிடும். குழிந்த வாணலியும் ஆப்பச்சட்டியும் ஒரு புள்ளியிலேயே தட்டைத் தொடுமாதலின் மாவு நடுவிற் கருகி ஓரத்தில் வேகாது நிற்கும். சொரசொரப்பான இரும்புத் தோசைக்கல்லை வைக்கலாம். தள்ளலாகாது, தூக்கியே எடுத்தல் வேண்டும். அடியில் உப்புக் கல்லோ மணலோ ஒட்டியுள்ளதா என்று கையால் ஒருமுறை தடவியபின் வைத்தல் நலம்.

சூட்டிற்கு அஞ்சாத இத்தட்டு அடிக்கு அஞ்சும். செஞ்சூடான வட்டத்தின்மேல் குளிர்நீர் தெறித்தாலும் பிளவாதது, மேலலமாரியினின்று ஊறுகாய்ப் புட்டி ஒன்று விளிம்பு பட வீழ்ந்தால் பிளந்துவிடும். கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்புறத்திலுள்ள நுண்கீறல்களே என்பதை ஆங்கிலப் பொறியியலறிஞர் கிரிஃபித் 1921-ஆம் ஆண்டில் விளக்கினார். இழுவிசை முழுதும் கீறலின் நுனியில் வந்து குவிகின்றது. ஆதலின் செங்கற்பொடியால் தேய்த்த தட்டு, அழகிழந்ததோடு நில்லாது, வலிவும் இழந்து நிற்கும். தட்டிற்கு மேலே கனத்த புட்டிகளை அடுக்கிவைத்தலைத் தவிர்க்க.

பிளவு கண்டால் அது மயிரளவாயினும் அன்றே சமையலை நிறுத்துதல் வேண்டும். பிளவின் வழியே நீர் இறங்கி மின்னோடும் நாடாவைச் சேருமாயின் பாத்திரத்தைத் தொட்டவர் உயிர்க்கே ஏதம் நேரும். அடுப்பின் குமிழை மட்டும் திருப்புதல் போதாது. வீட்டின் மெயின் பலகையில் அவ்வடுப்புக்குரிய சுவிட்சையே அணைத்துவிட்டு, வாடகை வீடாயின் அன்றே வீட்டுக்காரருக்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும். பளிங்காடியை ஒட்டிச் சேர்க்கும் பசை இல்லை. தட்டை மட்டும் புதிதாக மாற்றலாம். அதற்குரிய விலை சில அடுப்புக்களிற் புதிய அடுப்பின் விலையை நெருங்குதலின், இரண்டையும் கேட்டறிந்து பின்னர் முடிவு செய்க.